மஞ்சள் கடலும் ஒரு நுளம்பு வலையும்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் மறியலில் இல்லை. ஒஸ்லோவின் ஓரத்துப் புருசெத்தில், எங்கள் மாடிக் குடியிருப்பின் சமையலறை மேசையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வெளியே பனி கொட்டுகிறது. கையில் விலங்கு கிடையாது.

இதைச் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் ரவி. ரவி என் மனைவி சாந்தியின் தம்பி, திருகோணமலையில் இருக்கிறான். வழக்கமாக நாங்கள்தான் அவனுக்குத் தொலைபேசி எடுப்போம். அவனாக எடுத்தால் ஒன்றில் செத்தவீடு, இல்லாவிட்டால் கலியாணவீடு. போன மார்கழியில் அவனாக எடுத்தான்.

"அத்தான், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் அங்கை ஏதோ படம் களவெடுக்கப் போய்ப் பிடிபட்டதெண்டு இஞ்சை கதைக்கினம். உண்மையே?"

"ஆர் சொன்னது?"

"மாக்கற்றிலை சொன்னவை."

புருசெத்தில் 'அலாரம் அடித்தது' என்று புறப்பட்ட கதை, நகரின் தெற்கே உள்ள ஹொல்ம்லியாவுக்குப் போகும்போது 'பொலிஸ் வந்தது' ஆகி, லண்டனில் 'படம் கையோடை' ஆகி, திருகோணமலை மீன் சந்தையில் இறங்கும்போது நான் படத்தைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். சட்டத்தோடு சேர்த்து இரண்டு ஆள் தூக்க வேண்டிய படம் அது. என் முதுகைப் பற்றிச் சந்தைக்காரருக்கு இவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருப்பதில் எனக்குச் சந்தோசம்தான்.

"களவெடுக்கேல்லை, ரவி. கும்பிட்டனான்," என்றேன்.

களவு பரவாயில்லை என்று நினைத்திருப்பான்.

"அக்காவிட்டைக் குடுங்கோ," என்றான்.

2

நான் ஒஸ்லோவில் ஓர் ஓவியக்கூடத்தில் காவலாளி. எந்த ஓவியக்கூடம் என்று சொல்லமாட்டேன். சொல்லாமல் விட்டால் நீங்கள் இன்னும் பெரிய இடமாக நினைப்பீர்கள்.

முன்பு அதே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தேன். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. வைத்தியர் வேலை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். வேலை அலுவலகம் காப்புறுதிப் பகுதிக்குப் போகச் சொன்னது. காப்புறுதிப் பகுதி வைத்தியரிடம் போகச் சொன்னது. இப்படி ஒரு மாரிகாலம் முழுக்கச் சுற்றிய பிறகு, 'இவர் குனியக் கூடாது, ஆனால் நிற்கலாம்' என்று முத்திரை குத்தி ஒரு தாள் தந்தார்கள். நிற்கலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த மனிதன் நான்.

கரைச்சல் என்னவென்றால், எனக்கு நிற்க வராது. காலில் சில்லுப் பூட்டினவன் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் எடுத்தவன். ஒரு கூடத்துக்குள் நின்றால் அதன் நாலு மூலையையும் அளந்துகொண்டே இருப்பேன். பார்க்க வருகிறவர்கள் என்னை மிகவும் கடமையுணர்ச்சி உள்ள காவலாளி என்று நினைக்கிறார்கள்.

முதல் நாள் எனக்கு வேலை பழக்கியவர் ஷெல். மீசை நரைத்த நோர்வேக்காரர், அங்கே மூத்த காவலாளி. அவர் சொன்னது ஒரே விடயம்தான்: "படத்தைப் பார்க்காதே. கையைப் பார்." ஆட்கள் படத்துக்குக் கிட்டப் போவார்கள், ஏதோ ஒன்றைச் சுட்டிக் காட்டுவார்கள், தொட்டுப் பார்க்க ஆசை வரும். கை உயரும் முன்னரே நான் பக்கத்தில் போய்ச் செருமவேண்டும். படங்களுக்கு முன்னால் தரையில் ஒரு சாம்பல் நிறக் கோடு உண்டு. அதைத் தாண்டிக் கை நீண்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அறுபட்டு அலாரம் அடிக்கும்.

ஆகவே, ஓவியக்கூடத்தில் இத்தனை வருடம் வேலை செய்தும் நான் ஓவியம் பார்த்ததில்லை. கைதான் பார்த்தேன். மோதிரம் போட்ட கை, பிள்ளையின் ஐஸ்கிறீம் கை, பேராசிரியரின் ஆட்டும் கை. நோர்வேயின் கைகளைப் பற்றி என்னிடம் கேளுங்கள், சொல்லுகிறேன்.

3

போன இலையுதிர்காலம் ஒரு விசேட கண்காட்சி வைத்தார்கள். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு நோர்வே ஓவியருடையது. அவருடைய பெயரில் உயிரெழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் மெய்யெழுத்து நெருக்கிக்கொண்டு நிற்கும். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்தோம்.

ஒஸ்லோவுக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர் இருந்த காலத்து ஆள் அவர். பாரிசுக்குப் போய் ஓவியம் படித்தார். அப்போது அங்கே தண்ணீரில் வெளிச்சம் மினுங்குவதையும் மேகம் ஓடுவதையும் சட்டென்று பார்த்துச் சட்டென்று தீட்டுகிற இம்பிரஷனிச மோகம் ஓய்ந்துகொண்டிருந்த நேரம். இவருக்கும் மினுக்கம் அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். இவர்கள் தடித்த கோடு போட்டு, உள்ளே ஒரே நிறத்தை அப்பினார்கள். கண்ணில் பட்ட நிறத்தை இல்லை, மனதில் பட்ட நிறத்தை. பின்-இம்பிரஷனிசம் என்று இதற்குப் பெயராம்.

அப்படிப்பட்ட நிறம் நோர்வே வெயிலில் விளையாது என்று அவருக்கு ஓர் எண்ணம். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். அல்ஜியர்ஸ், போர்ட் சைட், ஏடன், கொழும்பு. கொழும்பிலும் மனம் நில்லாமல் இன்னொரு கப்பலில் ஏறி வந்து இறங்கிய இடம் திருகோணமலை. காலில் சில்லுப் பூட்டின இன்னொரு மனிதன். இவ்வளவுக்கும் அவரை ஒருவரும் துரத்தவில்லை.

அங்கே அவர் தீட்டிய படங்களில் பெரியது, கோணேசர் மலையில் மாலைப் பூசை. சிவந்த பாறை. நீலத்தில் மரங்கள். மலை விளிம்பில் வெள்ளை உடுத்த சனம். நடுவில் ஐயர் ஒருவர் கற்பூரத் தட்டை எங்களைப் பார்த்து நீட்டியபடி நிற்கிறார். அவருக்குப் பின்னால் கடல். கடல் மஞ்சள்.

கண்காட்சி தொடங்கிய கிழமை சாந்தியையும் மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காட்டினேன் என்றால், அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், நான் வழக்கம்போல் அவர்களுடைய கையைப் பார்த்தேன்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் எண்டு சும்மாவே சொன்னவங்கள்?" என்றேன்.

"அப்பா, அது கடலின்ர நிறம் இல்லை. கடலைக் கண்டவுடனை அந்தாளுக்கு உள்ளுக்கை நடந்தது," என்றாள் ஆரணி.

"உள்ளுக்கை நடந்தது காய்ச்சல். தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிச்சிருப்பார்."

"நீங்கள் ஹோப்லோஸ், அப்பா." திருத்த முடியாத ஆள் என்று பொருள். வீட்டில் எனக்கு அது இரண்டாவது பெயர்.

காய்ச்சல் வந்தது உண்மைதான். கப்பல்காரரைப் பாயோடு தூக்கிக் கப்பலில் போட்டு அனுப்பினார்களாம். வந்து சுகமாகிய பிறகு கிறிஸ்தியானியாவின் பனியைத் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்திலும் உறைந்த கடலை ரோசா நிறத்திலும் தீட்டத் தொடங்கினார். சனம் சிரித்தது. ஒருவரும் வாங்கவில்லை. பட்டினி கிடந்து செத்தார் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் மனிதர் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பித்து, நன்றாகச் சாப்பிட்டு, கொழுத்து, கிழவனாகித்தான் போய்ச் சேர்ந்தார்.

கண்காட்சியின் கடைசி மூலையில் ஒரு சின்னப் படம். நீலச் சட்டை போட்ட ஒரு சிறுமி கதிரையில் இருக்கிறாள். மடியில் பூனை. சட்டையின் மடிப்பு, பூனையின் மீசை, எல்லாம் இருக்கிறது. முகம் மட்டும் இல்லை. முகத்தின் இடத்தில் வெறும் துணி. அது அவருடைய மூத்த மகள். கப்பல் ஏறும் அவசரத்தில், முகத்தை வந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது அவள் வளர்ந்துவிட்டாள். இந்த ஆளுக்கு முன்னால் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இதை எனக்குச் சொன்னது கண்காட்சிப் பொறுப்பாளர் இங்கிரிட். அதற்குப் பிறகு என் சுற்றில் அந்த மூலைக்கு நான் அதிகம் போகவில்லை.

4

ஆரணிக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் விட்டுவிட்டு, முதுகில் பை மாட்டி உலகம் சுற்றுவது இந்த நாட்டுப் பிள்ளைகளின் பிறப்புரிமை. எங்கள் ஆட்களிடம் ஒரு வருடம் விட்டவன் என்றால் சோதினையில் கோட்டை விட்டவன் என்றுதான் அர்த்தம். அவள் உலகம் சுற்றினால் கிரீஸ், ஸ்பெயின் என்று போவாள் என நினைத்திருந்தேன். அதற்கு வேண்டிய பயத்தையும் தயாராக வைத்திருந்தேன்.

கண்காட்சி பார்த்து இரண்டு கிழமை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புட்டும் மீன்குழம்பும்.

"நான் ஜனவரியிலை திருகோணமலைக்குப் போறன்," என்றாள். "அரை வருசம். ரவி மாமா வீட்டிலை இருந்து படம் கீறப் போறன்."

நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி புட்டைப் பார்த்தாள். இந்த வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான் என்று அந்தப் புட்டுக்கே தெரிந்திருந்தது.

"அங்கை நுளம்பு," என்றேன்.

இதை விளக்க வேண்டும். பதறினால் எனக்கு உண்மையான காரணம் வாயில் வராது. நுளம்புதான் வரும். சாந்திக்குப் பிரசவ வலி தொடங்கியபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று, யன்னலுக்கு நுளம்பு வலை அடித்திருக்கிறார்களா என்று தாதியைக் கேட்டவன் நான். அது மாசி மாதம். பனி முழங்காலளவு கிடந்தது.

"நுளம்பு நோர்வேயிலையும் இருக்கு, அப்பா."

"இஞ்சத்தை நுளம்பு சட்டம் தெரிஞ்ச நுளம்பு."

அவள் சிரிக்கவில்லை. "நீங்கள் ஓம் எண்டு சொல்லாட்டியும் நான் போகலாம். எனக்கு வயசு வந்திட்டுது. ஆனா நீங்கள் ஓம் எண்டு சொல்லிப் போனால்தான் எனக்கு நல்லா இருக்கும்."

மிரட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னேன்.

அடுத்த நாள் கீழ்மாடிப் பரமேஸ் அண்ணைக்கு விசயம் போய்விட்டது. பஸ் ஓட்டுகிறவர். மகன் போலந்தில் மருத்துவம் படிக்கிறான் என்பதை முகவரியோடு சேர்த்துச் சொல்லுகிறவர்.

"என்னடாப்பா, உன்ர பிள்ளை மலை கீறப் போறாளாம்?"

"ஓம் அண்ணை."

"கீறட்டும், கீறட்டும். நாங்கள் அங்கையிருந்து உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனாங்கள். அவள் தூரிகையைப் பிடிச்சுக்கொண்டு போறாள். பிளேன் ரிக்கற் மட்டும் எங்களுக்கு ரெண்டு பக்கமும் நட்டம்."

5

இப்போது அங்கே சண்டை நிறுத்தம். சமாதானம் பேசுவதற்கு நோர்வேக்காரரே கிழமைக்குக் கிழமை போய்வருகிறார்கள். ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் போய், மாமா மாமியைப் பார்த்து, கருவாட்டோடு திரும்பி வந்துவிட்டார்கள். நான் போகவில்லை.

நான் இங்கே அகதியாக வந்தபோது ஒரு பயணப் பத்திரம் தந்தார்கள். அதில் ஒரு வரி இருந்தது: எல்லா நாடுகளுக்கும் செல்லும், சிறிலங்காவைத் தவிர. முதலில் அதைப் பார்க்கக் கோபம் வந்தது. பிறகு பழகியது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பிடித்துப்போயிற்று. யாராவது "ஊருக்குப் போகேல்லையோ?" என்று கேட்டால் பத்திரத்தைக் காட்டலாம். "விடமாட்டாங்கள், அண்ணை."

பிறகு குடியுரிமை கிடைத்தது. சிவப்புக் கடவுச்சீட்டில் அந்த வரி இல்லை. முதல் நாள் நான் அதைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். கிடைக்கவில்லை. புதுப்பித்தபோதும் தேடினேன். ஓர் அலுவலகம் போட்ட வரியை இன்னோர் அலுவலகம் எடுத்துவிட்டது. என் தலைக்குள் இருக்கும் பிரதிக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்றுதான் தெரியவில்லை. தெரிந்தால் காலையிலேயே போய் வரிசை இலக்கம் எடுத்துவிடுவேன்.

அந்த வரி இல்லாமலே பிறந்தவள் ஆரணி. அவளுக்கு அது வெயில் உள்ள ஓர் ஊர்.

6

இங்கிரிட் என்னிடம் வந்தது அந்தக் கிழமைதான். ஞாயிற்றுக்கிழமைகளில், கலைத்துறைக்கு வெளியே உள்ள ஒருவர் ஒரு படத்தின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பேசுவார். மீன்பிடிக்காரர் ஒருவர் படகுப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். "நீ அந்த ஊரவன்தானே? பேசுவாயா?" என்று கேட்டாள்.

"யா," என்றேன். மகளுக்கு வராத ஓம், இங்கிரிட்டுக்கு நோர்வேஜிய மொழியில் தும்மல்போல் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. எழுதினேன். ஆரணி திருத்தினாள். திருத்திய பிறகு நான் எழுதியதில் மிஞ்சியது என் பெயர். ரி-பான நிலக்கீழ் ரயிலில் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தேன்.

"ஆடாமல் நில்லுங்கோ, அப்பா. பெட்டி பயப்பிடுது."

"நீ வருவியோ?"

"வருவன். முன்னுக்கு நிண்டு உங்களைக் கீறப் போறன்."

இரண்டு பேரும் திருகோணமலைப் பயணத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அது குளிர்சாதனப் பெட்டி மாதிரி எங்களுக்கு நடுவில் முணுமுணுத்துக்கொண்டு நின்றது.

7

ஞாயிறு. ஒரு பஸ் நிறையச் சனம். முன்வரிசையில் சாந்தி, ஆரணி. ஆரணியின் கையில் பலகையும் தாளும் கரித்துண்டும். பரமேஸ் அண்ணை கோட்டும் சூட்டுமாக வந்து, கழுத்தில் கமராவோடு நின்றார். நான் விழுந்தால் படம் எடுப்பதற்குத்தான்.

தொடங்கிய உடனேயே தடுக்கினேன். "இந்தப் படத்தில் உள்ள ஊரில் இருந்து வந்தவன் நான்" என்று சொல்ல வேண்டியதை, "இந்தப் படத்தில் இருந்து வந்தவன் நான்" என்று சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். சிலர், மிக ஆழமான கருத்து என்பதுபோல் தலையாட்டினார்கள். பதற்றத்தில் தாளைப் புரட்டினேன். இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எங்கள் மலையில் பெரிய கோவில் இருக்கிறது, ஓவியர் அதை வரைய மறந்துபோனார்" என்று கப்பல்காரர் மீது பழியைப் போட்டேன்.

இங்கிரிட் மெதுவாக, என்னை நோகடிக்காமல், பழைய கோவிலைப் போர்த்துக்கீசர் எப்போதோ இடித்துவிட்டார்கள் என்றும், இப்போதுள்ள கோவில் ஓவியர் வந்து போய் வெகுகாலத்துக்குப் பிறகு கட்டியது என்றும், அவர் கண்டது வெறும் பாறையைத்தான் என்றும் சொன்னாள். இதை நான் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன். சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நான் படத்தின் பக்கம் திரும்பினேன். சனத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அதனால்தான். முதல் தடவையாகக் கையைப் பார்க்காமல் படத்தையே ஊன்றிப் பார்த்தேன். வெறும் பாறையில் வந்து நின்று கும்பிடுகிற சனம். கோவில் இல்லை என்று எவனும் வீட்டில் இருக்கவில்லை. மஞ்சள் கடல் நெஞ்சளவுக்கு ஏறி வந்தது. அதன் முன்னால், எனக்கு நேரே, தட்டு. தட்டில் கற்பூரம். முழுப் படத்திலும் அசல் வெள்ளை அந்த ஓர் இடத்தில்தான். அந்த மனிதர் சாயத்தை அங்கே மட்டும் குவித்துவைத்திருந்தார், எரிந்து முடியாதபடி.

என் வாய் நோர்வேஜிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. என் கை அதைக் கேட்கவில்லை. தட்டு நீட்டினால் தமிழன் கை யோசிக்குமா? இரண்டு கையும் எழும்பி, சாம்பல் கோட்டைத் தாண்டி, சுவாலைக்கு மேலால் போய், திரும்பி வந்து என் கண்ணில் ஒற்றின.

அலாரம் அடித்தது.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. செத்தவன் எழும்பிக் கையொப்பம் வைப்பான். அடுத்த கூடத்திலிருந்து ஷெல் ஓடிவந்தார். கோட்டைத் தாண்டியவனைப் பிடிக்கத்தான் வந்தார். வந்து பார்த்தால் சீருடை.

"நீயா?" என்றார்.

நான் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் எல்லோரையும் பார்க்க வேண்டி வரும். அலாரம் நின்ற பிறகு ஒரு மூதாட்டியின் குரல் கேட்டது: "அவர் இப்போது செய்தது என்ன?"

பதில் சொன்னது ஆரணி. முன்னால் வந்து, என்னால் கனவிலும் பேச முடியாத நோர்வேஜிய மொழியில் சொன்னாள். வெளிச்சத்தைக் கையில் எடுத்துக் கண்ணில் வைப்பது. எங்கள் ஆட்கள் சுவாலையைக் கண்டால் இதைச் செய்வார்கள். அப்பா படத்தைத் தொட வரவில்லை, வெளிச்சத்தை எடுக்க வந்தார். "இப்படி," என்று கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக் காட்டினாள்.

நான் விரல் இடுக்கால் பார்த்தேன். ஒஸ்லோக் கோவிலில் தீபம் வரும்போது பின்வரிசையில் நின்று கைத்தொலைபேசியைப் பார்க்கிற பிள்ளை அது. எப்போது பழகினாளோ தெரியாது.

மூதாட்டி தலையாட்டினாள். பிறகு ஊன்றுதடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கோட்டடிக்கு வந்து, இரண்டு கையையும் நன்றாக நீட்டினாள்.

அலாரம் மறுபடி அடித்தது.

8

படத்துக்கு ஒரு கீறலும் இல்லை. என் விரலுக்கும் சாயத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்ததை ஆட்கள் வந்து உறுதிசெய்தார்கள். இனிமேல் பேசுகிறவர்கள் கோட்டிலிருந்து இன்னும் தள்ளி நிற்கவேண்டும் என்று ஒரு புது விதி வந்தது. நோர்வேச் சட்டத்துக்கு என் பங்களிப்பு.

ஆனால் சம்பவ அறிக்கை எழுதவேண்டும். காவலாளிகளின் ஓய்வறையில் ஷெல் படிவத்தை விரித்துவைத்து, அலாரத்துக்குக் காரணம் என்ற இடத்தில் பேனாவோடு நின்றார். பிள்ளை, பை, குடை, வேறு.

"வேறு," என்றார் தனக்குத்தானே. "வேறு என்றால் என்ன எழுத?"

ஆரணி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் கதைக்கத் தொடங்கினேன். அவளுக்கு அதுவரை சொல்லாத கதை. சிரிப்புக் கதையாகத்தான் தொடங்கினேன்.

"கோணேசர் கோவிலுக்குப் போறதெண்டால் கோட்டை வாசலைத் தாண்டிப் போகோணும். கோட்டைக்குள்ளை ஆமி. ஒரு வெள்ளிக்கிழமை நான் அர்ச்சனைத் தட்டோடை போனனான். தேங்காயைக் குலுக்கிப் பாக்கிறான். காதிலை வைச்சுப் பாக்கிறான். பிறகு என்னைக் குலுக்கினவன்."

"பிறகு?"

"நிலத்திலை இருத்தி வைச்சவங்கள். மேலை பூசை மணி அடிக்குது. நான் கீழை. மணி ஓய்ஞ்சாப் பிறகு போ எண்டு விட்டவங்கள். மேலை இல்லை, வீட்டை. கற்பூரம் அப்பிடியே பொக்கற்றுக்கை. அடுத்த மாசம் வீட்டுக்காரர் என்னைப் பிளேன் ஏத்தி விட்டிட்டினம்."

சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரணி கரி படிந்த விரலை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் போய் உங்களுக்காக ஒருக்கால் எடுக்கட்டோ?"

ஓம் என்ற ஈரெழுத்து எங்கேயோ மூச்சுக்குழாயில் குறுக்கே நின்றது. வாயைத் திறந்தேன். என்ன வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"அங்கை நுளம்பு," என்றேன்.

அவள் முகம் விழுந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் ஓட எனக்கு இடம் இருக்கவில்லை.

"நல்ல வலை ஒண்டு வாங்கோணும்," என்றேன். "இஞ்சத்தை வலை சரிவராது, கண் பெரிசு. ரவியிட்டைச் சொல்லி, கட்டிலுக்கு மேலை கொளுவி வைக்கச் சொல்லுறன்."

ஆரணி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சீருடையில் கரி பட்டது. இதுவும் அறிக்கையில் வருமோ என்று பார்த்தேன். ஷெல் எங்கள் பக்கம் பார்க்காமல், 'வேறு' என்ற இடத்தில் நீளமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

9

ஜனவரியில் போனாள். விமான நிலையத்தில் நான் நாலு மூலையையும் அளந்தேன். பரமேஸ் அண்ணையும் வந்து, ரவிக்கு என்று சொல்லி நோர்வேயின் பழுப்புச் சீஸ் கட்டி ஒன்றை நீட்டினார். கண்ணீர் விடாதிருப்பதற்காக அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். "வெயிலுக்கை உருகிப்போம் பிள்ளை, போன உடனை பிறிட்ஜுக்கை வை." எனக்கு நுளம்பு, அவருக்குச் சீஸ்.

போன முதல் வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்தாள். கோட்டை வாசலில் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். இன்னும் ஆமி நிற்கிறது, மானும் நிற்கிறதாம்.

"எடுத்தனியோ?"

"ஓம் அப்பா. ரெண்டு தரம். ஒண்டு உங்களுக்கு."

"கடல் என்ன நிறம்?"

கொஞ்சம் யோசித்தாள். "நீலம்தான். ஆனா இண்டைக்கு நான் கீறினது நீலம் இல்லை."

என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. அது அவளுக்கு உள்ளே நடந்தது.

ஓவியக்கூடத்தில் அந்த ஞாயிறு அவள் கரித்துண்டால் கீறிய படம் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. போவதற்கு முதல் நாள் ஒட்டிவிட்டுப் போனாள். சீருடை இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, நீட்டிய இரண்டு கையும் நரம்பு தெரிய இருக்கிறது. கழுத்துக்கு மேலே வெறும் தாள்.

அதைக் கண்டதும் அந்தக் கடைசி மூலைப் படம் ஞாபகம் வந்தது. "என்ன பிள்ளை, முகம் எங்கை?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஆடிக்கொண்டே இருந்தனீங்கள், அப்பா. பிடிக்க ஏலாமல் போச்சு. ஆடியிலை வந்து போடுறன்."

"அவரும் அப்பிடித்தான் சொன்னவர், கப்பல்காரர்."

"அவர் திரும்பி வந்தவர்தானே. பிள்ளைதான் இருந்து குடுக்கேல்லை." பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்கள் இருந்து தருவீங்களோ?"

"ஓம்," என்றேன். நுளம்பு இல்லாமல், முழுசாக வந்தது.

இப்போது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும், யன்னல் பக்கம் கதிரையைப் போட்டு, அசையாமல் இருந்து பழகுகிறேன். வெளியே பனி. விளக்கு வெளிச்சத்தில் அது தோடம்பழ நிறத்தில்தான் விழுகிறது. மனிதர் பொய் சொல்லவில்லை. சாந்தி வந்து பார்க்கிறாள்.

"கால் ஆடுது," என்கிறாள்.

"முகத்தைத்தானே கீறப் போறாள்," என்கிறேன்.